நாலு நிமிஷம்

கோயிலில் ஆர்கன் வாசிக்கும் ஜெபஸ்தியான் அண்ணன் போன தவக்காலத்தில் சொன்ன கதை இது.

ராக் இசைக்காரர் ஒருவர் இறந்த வீட்டில், அவருடைய பழைய இசைத்தட்டும் அவர் பாட்டுகளை வெட்டிச் சேர்த்துப் புதிதாய் வந்த தொகுப்பு சிடியும் அருகருகே இருந்தன. தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபது நிமிஷம். பழைய சாமான்காரர் வாசலில் வந்து நின்றதும், “என்னைத்தான் தூக்கிட்டுப் போகப்போறாங்க” என்றது தட்டு.

“கவலைப்படாதேக்கா, உன் பாட்டுல நல்ல நாலு நிமிஷம் என்கிட்ட பத்திரமா இருக்கு” என்றது சிடி.

“அது அவர் அழுது முடிச்சு மூச்சு விடுற இடம் தம்பி. அழுததை எங்கே வெச்சிருக்கே?”

சிடி தேடியது. “அதுக்கு முன்னால வேற ஒரு குதியாட்டப் பாட்டுதான்க்கா இருக்கு.”

அவருடைய மகள் தட்டைச் சாக்கில் போட்டு அனுப்பிவிட்டு, சிடியை ஓடவிட்டாள். அந்த நாலு நிமிஷமும் வந்து போனது.

“அப்பா எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கார்!” என்றாள்.

சிடி அடுத்த பாட்டுக்குப் போனது.

ஒருவர் பாட்டை நீங்கள் கேட்க உட்கார்ந்தால், முதலிலிருந்து முடிகிறவரை இருங்கள்.