பின்னால் வந்த லாரி

காரை நிறுத்திவிட்டு, வியர்வையில் குளித்தபடி வீட்டுக்குள் வந்தார் கணவர்.

“நாலு தெரு! ஒரு லாரி என்னை விரட்டு விரட்டுன்னு விரட்டிடுச்சு. அது அடிச்ச ஹாரன்ல எலும்பெல்லாம் இடம் மாறிப்போச்சு. ஓரங்கட்டி நிறுத்திட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்.”

“எவ்ளோ பெரிய லாரிங்க?” மனைவி ஆவலாகக் கேட்டாள்.

“மூணு மாடி உசரம் இருக்கும்! நீ ஸ்கூட்டர் கத்துக்கிட்டே ஒரு வாரம்தான் ஆகுது. இவனுங்ககிட்ட தாங்க மாட்டே. நாளைக்கே வண்டியை வித்துடலாம்.”

“யோசிச்சுச் சொல்றேங்க” என்றவள், சமையலறைக்குள் போய் மெக்கானிக்கைக் கைப்பேசியில் அழைத்தாள்.

“அண்ணே, கார்க்காரங்க மிரட்டுறாங்கன்னு என் ஸ்கூட்டர்ல லாரி ஹாரன் மாட்டி விட்டீங்களே... அதைக் கழட்ட வேணாம். இன்னிக்கு எங்க வீட்டுக்காரரே வழிவிட்டுட்டார்!”