பச்சை வந்துவிட்டது

ஆஸ்பத்திரி ஃபைல்களைச் சேமிக்கிற புரோகிராமை மாப்பிள்ளை சரிசெய்துகொண்டிருந்தார். புதுச் சிப் மெஷின்களுக்கெல்லாம் பில்டு, அதாவது புரோகிராம் ஓடத் தயாரா என்கிற சோதனை, பச்சை காட்டியது, பழைய சிப்புக்கு மட்டும் சிவப்பு. ஒரு வரியை அழித்தார். அதுவும் பச்சையானது.

"எதை அழிச்சீங்க மாப்ளே?"

"எழுதினது சரியா பதிஞ்சிருக்கான்னு பாக்குற வரி மாமா. பழைய சிப்புல அதுதான் தகராறு."

"பாக்கலேன்னா?"

"பச்சை வந்துடுச்சுல்ல, விடுங்க."

நான் நம்பவில்லை. அந்தப் பழைய மெஷின் ஓடுகிற ஆஸ்பத்திரியில்தான் என் மனைவி குஞ்சரம் படுத்திருக்கிறாள்.

மறுநாள் குஞ்சரத்தின் கட்டிலுக்கு நர்ஸ் ஊசியோடு வந்தாள். கட்டிலருகே இருந்த கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து, "செல்லத்தாயிதானே? கையை நீட்டுங்க" என்றாள். அரைமயக்கத்தில் குஞ்சரம் நீட்டினாள். நான் அந்தக் கையைப் பற்றிக்கொண்டேன்.

"இவ குஞ்சரம்."

நர்ஸ் திரையை என் பக்கம் திருப்பினாள். குஞ்சரத்தின் கட்டில் எண்ணுக்கு நேரே செல்லத்தாயி என்ற பெயரும், பக்கத்தில் ஒரு பச்சைக் குறியும் இருந்தன.

"பச்சையாத்தானே இருக்கு? கையை விடுங்க பெரியவரே."