மடியில் வைத்த தலை

சாயங்காலம் வசுமதி வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும், மிளகு என்ற அவளுடைய நாய் ஓடிவந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொள்ளும். அதை யாரும் பழக்கவில்லை.

பிறகு அந்த வீட்டுக்கு, நாயைப் பழக்கும் க்ளிக்கர் ஒன்று வந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்னும். டிக் கேட்டால் ஈரல் துண்டு நிச்சயம். உட்கார்ந்தால் டிக், கை கொடுத்தால் டிக். மிளகுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ஒருநாள் மிளகு மடியில் தலை வைத்தபோது, வசுமதி ஆசையாக அதற்கும் ஒரு டிக் போட்டு ஈரல் கொடுத்தாள். அதிலிருந்து மிளகு மடிக்கு வந்தாலே, "ஈரலுக்கு வந்துட்டான் பாரு" என்று சிரிப்பாள்.

"அன்னைக்கு நீ சும்மா இருந்திருக்கலாம்," என்று க்ளிக்கரிடம் சொன்னது மிளகு.

"அழுத்தினா கத்தத்தான் எனக்குத் தெரியும். நீ தின்னாம இருந்திருக்கலாமே," என்றது க்ளிக்கர்.

மிளகு வாயை நக்கிக்கொண்டது. ஈரல் ருசியாகத்தான் இருந்தது.

அந்த வாரம் வசுமதி தன் தம்பியை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பினாள். விளக்கைக்கூடப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். மிளகு மெல்லப் போய் அவள் மடியில் தலையை வைத்தது. மேசைமேல் க்ளிக்கர் மூச்சு காட்டவில்லை.

வசுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"ஈரல் தீந்துபோச்சுடா. போய்ப் படு."

மிளகு அந்த வெறுங்கையை நக்கியது.

"அதான் இல்லேங்கிறேன்ல," என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள்.