படத்தில் இல்லாதவன்

இப்போதெல்லாம் ட்ரெய்லர் ஆளுக்கு ஒன்று. அவரவர் மனதில் இருப்பதைக் காட்டித்தான் டிக்கெட் விற்கிறார்கள்.

என் மனைவி செண்பகத்துக்குப் போனில் வந்த ட்ரெய்லரை எட்டிப் பார்த்தேன். வேலை முடிந்து வந்த கதாநாயகியின் டிபன் பாக்ஸை வாங்கிக் கழுவிக்கொண்டிருந்தான் கதாநாயகன். அதை அவள் பன்னிரண்டு தடவை பார்த்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

படத்தில் அந்தக் காட்சியே இல்லை. "ஏமாத்திட்டாங்க" என்று தியேட்டரிலேயே அழுதுவிட்டாள். எனக்கோ, சனியன் ஒழிந்தான் என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவினேன்.

"அவன் என்ன பெரிய இவனா?" என்றேன்.

செண்பகம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்களுக்கு வந்த ட்ரெய்லர்ல நான் இருந்தேனா?"

கழுவி முடித்த டிபன் பாக்ஸை மறுபடியும் சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.