பச்சை விளக்கு

கணவன் வழியில் வெளிநாட்டில் நிபந்தனையுடன் வசிப்புரிமை பெற்றவர்கள் தனியாகச் சொந்த ஊருக்குப் போனால், கணவனுக்காக ஏங்கியபடிதான் திரும்ப வேண்டும். மணிக்கட்டுப் பட்டை அந்த ஏக்கத்தை அளக்கும். குறைந்தால் விமான நிலையக் கதவு திறக்காது.

தங்கையின் வளைகாப்புக்கு ஊருக்கு வந்திருந்த மங்கை சிரித்தபோதெல்லாம் பட்டை சிவந்தது. அவள் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னக்கா, என் வளைகாப்புல இப்படி உம்முனு இருக்கே?" என்றாள் தேன்மொழி.

"சிரிச்சா அவர்கிட்ட திரும்பிப் போக முடியாதுடி."

"அத்தானை ஃபிளைட்ல நெனச்சுக்கோ. இப்ப எனக்கு வளையல் போட வா."

மங்கை எழுந்து போனாள். அதன்பின் ஊரை விட்டுக் கிளம்பும்வரை பட்டையைப் பார்க்கவே இல்லை.

விடைபெறும்போது தேன்மொழி அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். விமானத்தில் கணவனை நினைக்க முயன்றாள் மங்கை. தங்கையின் முகம்தான் வந்தது.

இறங்கியதும் விமான நிலையக் கதவருகே பயந்துகொண்டே கையை நீட்டினாள். பட்டை பளீரெனப் பச்சையாக ஒளிர்ந்தது.

"உங்கள் கணவர் கொடுத்து வைத்தவர்," என்று அதிகாரி கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே காத்திருந்த கணவன் பரிதி அந்தப் பச்சையைப் பார்த்தான். "அம்மாடி, எனக்காகவா இவ்வளவு?"

"யாருக்காகன்னு அது கேக்கலைங்க."

அவன் அவள் கண்களைப் பார்த்தான். பெட்டியை வாங்கிக்கொண்டு, "முதல்ல தேன்மொழிக்கு ஒரு போன் போடு," என்றான்.