அடுத்த காற்றுக்கு ஒரு பலகை

முருகவேல் காரின் மேலே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, இரண்டு பலகைகளையும் வாசல் சுவரில் சாய்த்து வைத்தான்.

ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். இரண்டும் பானுப்ரியாவைவிட நாலு விரல் உயரம்.

எதிர்வீட்டில் தறிச் சத்தம் நின்றது. கதவருகே வந்து எட்டிப் பார்த்தவர்கள், கிருத்திகைக்கு இது என்ன புதுவிதக் காவடி என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

"பத்தே நிமிஷம்தான் பானு. மதியம் மேல் திருப்பதியில தரிசனம்," என்றான் முருகவேல்.

அவன் மனைவி காரைவிட்டு இறங்கவேயில்லை. கைப்பேசியில் மணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சென்னையிலிருந்து திருப்பதி போகிறவர்களுக்குத் திருத்தணி வழியில்தான் இருக்கிறது. அதனால்தான், நேற்று முன்தினம் பானுப்ரியா திடீரென்று போன் செய்து பலகை வேண்டும் என்றபோது, போகிற போக்கில் காட்டிவிட்டுப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டான். தெற்கே மணப்பாட்டுக் கடலில் அவளுக்குப் பட்டம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனும், பலகை விற்பவனும் அவன்தான். ஓர் அறையையே மூடிவிடும் அளவுக்குப் பெரிய பட்டம். காற்று அதை இழுக்கும், அது ஆளை இழுக்கும், காலுக்குக் கீழே பலகை அலைமேல் ஏறி இறங்கும்.

மூன்று வருஷமாக ஆபீஸ் விடுமுறை முழுவதையும் அவள் அதற்கே கொடுத்திருந்தாள்.

போன வருஷம் அவளுடைய பழைய பலகை நடு அலையில் இரண்டாக முறிந்துபோனது. பாதிப் பலகையை மார்பில் அணைத்துக்கொண்டு கரையேறியவள் ராத்திரி வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தாள் என்று அவள் கணவன் சுதாகர் இன்றைக்கும் சொல்வான்.

முருகவேல் வெள்ளையை முதலில் எடுத்தான். இரண்டரைக் கிலோதான். பாதத்தை லேசாகச் சாய்த்தால் போதும், அலையில் சொன்னபடி கேட்கும். குதிகால் அழுந்தும் இடத்தில் மட்டும் உள்ளே கார்பன் இழைத் துணி இரண்டு மடிப்பாக வைத்திருப்பதால் சீக்கிரத்தில் குழி விழாது. பாறையில் மோதினால்தான் ஆபத்து.

மஞ்சள் அதைவிட ஒரு கிலோ கூட. மேல்தோலுக்கு அடியில் மூங்கில் பட்டை ஒட்டியது. பாறைக்கும் அஞ்சாது, பத்து வருஷம் உழைக்கும்.

பானுப்ரியா இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். மஞ்சளைத் தரையில் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பலகைக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து நின்று யோசித்தாள்.

இப்போது எடை எவ்வளவு என்று கேட்டான் முருகவேல். பலகை ஆளைத் தாங்க வேண்டுமே.

சாதாரணக் கேள்விதான். ஆனால் அவள் குனிந்து, கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டாள். கடைசியில், எப்போதும் போல ஐம்பத்து நாலு என்றே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

தெற்கே காற்று ஏறத் தொடங்கிவிட்டது, ஜூன் முதல் வாரமே வந்துவிடு என்றான் அவன்.

"இந்த வருஷம் இல்லண்ணா. அடுத்த வருஷம்."

முருகவேல் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அடுத்த வருஷக் காற்றுக்கு யாராவது இந்த வருஷமே அவசரமாகப் பலகை வாங்குவார்களா? 

மஞ்சள்தான் சரி என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு வருஷம் மூலையில் கிடக்கப்போகிறது. அதற்கப்புறம் இன்னொரு பலகை வாங்க எப்போது வாய்க்குமோ தெரியாது. எதுவானாலும் இந்த வாரத்துக்குள் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். வந்துவிட்ட பொருளை யாரும் தூக்கி வெளியே போடப் போவதில்லை. வாங்காத பொருளை வாங்கவிடாமல் தடுக்கத்தான் ஊரே கிளம்பி வரும்.

அப்போது தாயாரம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

பானுப்ரியாவின் மாமியார். கல்யாணமாகி இந்த இரண்டு வருஷத்தில் கடலைப் பற்றி அந்த அம்மாள் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. வெயிலில் கறுத்துத் தோல் உரிந்து வந்து நின்றால், ஒரு சொம்பு மோரை நீட்டுவாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருக்கலாம். அந்த மௌனத்துக்குத்தான் பானுப்ரியா பயந்தாள்.

"இன்னாபா, தூக்கிப் பாக்கலாமா?"

முருகவேல் ஒதுங்கி வழிவிட்டான்.

தாயாரம்மாள் மஞ்சளை இரண்டு கையாலும் தூக்கி, அப்படியே இறக்கி வைத்தாள். பிறகு வெள்ளையை எடுத்து இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

தறி வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டே இருக்க, தெருமுனைக் குழாய் வரை போனாள். திரும்பி வந்தாள். நடக்கும்போது வலது இடுப்பை மட்டும் ஒரு பக்கமாக ஒடித்து, வலது கையை அதன்மேல் வளைத்து வைத்திருந்தாள். பாவம், பழைய இடுப்பு வலி போலிருக்கிறது என்று நினைத்தாள் பானுப்ரியா.

வெள்ளைப் பலகையை அவள் கையில் கொடுத்தாள் தாயாரம்மாள்.

"இத்தயே எடுத்துக்கோ பானு. ஒரு கைக்கு அடங்குது. அடுத்த வருசம் நீ போவசொல்ல, இந்தாண்ட இடுப்புல புள்ள இருக்கும்ல."

சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்தது நினைவு வந்தவள்போல உள்ளே போய்விட்டாள்.

பானுப்ரியா பலகையைப் பிடித்தபடியே நின்றாள். சுதாகரிடம்கூட அவள் அதை இன்னும் சொல்லியிருக்கவில்லை.