பாதியில் இறங்கிய திரை

நாடகக் கொட்டகை உத்தரத்தில் குடியிருந்த பல்லிக்கு, எந்த இசை நாடகம் வந்தாலும் ஏதாவது குறை சொல்லியாக வேண்டும். ஒருநாள் ஓர் ஓடக்காரன் கதை வந்தது. பார்க்க ஆளே இல்லை.

"கூட்டம் வராததுலயே தெரியலையா லட்சணம்?" என்று எலியிடம் சொல்லிவிட்டு, ஓடக்காரன் பாடும்போதே உச்சுக் கொட்டியது. காலிக் கொட்டகையில் அது கணீரென்று கேட்டது.

"பல்லி சொல்லிருச்சு, சகுனம் சரியில்லை" என்று நாடகக் குழுவின் முதலாளி பாதிப் பாட்டிலேயே திரையை இறக்கி, அன்றைக்கே மூட்டை கட்டினார்.

அடுத்து, அட்டை யானையும் புகையுமாக ஒரு நாடகம் வந்தது. பல்லி எவ்வளவு உச்சுக் கொட்டியும் கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. தன்னையறியாமல் அது ஓடக்காரன் பாட்டை முணுமுணுத்தது.

"நல்லாருக்கே! மீதியையும் பாடேன்" என்றது எலி.

"மீதியைப் பாட அவனை நான் எங்க விட்டேன்?" என்றது பல்லி.